குரல் பதிவு முதல் இறுதி மிக்ஸ் வரை: கருவிகளைத் தொட வேண்டிய வரிசையும் அதன் காரணமும்

தயாராக இருக்கும் ஒரு பின்னணி இசை, அதன் மேல் பாட ஒரு குரல், ஒரு மைக், ஒரு கணினி, ஒரு சாதாரண அறை. இவற்றை வைத்துக் கேட்கத் தகுந்த ஒரு பாடலை உருவாக்குவது எப்படி என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். முதன்முதலாக இந்த வேலைக்கு வந்த பலரின் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: எந்தக் குறையைத் தீர்க்கப் போகிறோம் என்று சொல்லத் தெரியாமலே ஒரு கருவியைத் திறந்துவிடுகிறார்கள். "குரல் நன்றாக இல்லை" என்று சொன்னால் அதிலிருந்து எந்த வழியும் பிறக்காது. "இரண்டாம் சரணத்தில் அடி முடியும் இடங்களில் சொற்கள் இசைக்குள் மூழ்குகின்றன" என்று சொல்ல முடிந்தால், எந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

அடுத்தது வரிசை. கீழே உள்ள படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம். அறையின் எதிரொலி மைக்குக்குள் புகுந்துவிட்டால், பிறகு வரும் கம்ப்ரசர் (உரத்த ஒலியை அமுக்கும் கருவி) அதை இன்னும் மேலே தூக்கிக் காட்டும். கெயின், அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு, அதிகமாகி முகடுகள் வெட்டுப்பட்ட பதிவை எந்த ஈக்யூவாலும் (தாழ்ந்த, உயர்ந்த ஓசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) முழுமையாக மீட்க முடியாது. முன்னால் விட்ட பிழைக்குப் பின்னால் நான்கு மடங்கு உழைக்க வேண்டியிருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மைக், அதைத் தாங்கும் ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் (வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் காற்றைத் தடுக்கும் வலை), எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்கை இணைக்கும் கம்பி), ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), காதை முழுவதும் மூடும் ஹெட்போன், பதிவு மென்பொருள். இவ்வளவுதான். மென்பொருளில் ரீப்பர், ஆர்டர், கராஜ்பேண்ட் எதுவாக இருந்தாலும் இந்த வேலைக்குப் போதும். ஈக்யூ, கம்ப்ரசர், அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப் மூன்றும் அவற்றோடு சேர்ந்தே வருகின்றன. முதல் பத்துப் பாடல்கள் வரை வேறு பிளக்இன் (மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) எதையும் தேடாதீர்கள். ஒரே கம்ப்ரசரைப் பத்து முறை திருப்பியவருக்கு அதன் குணம் காதில் பதியும்; பத்துக் கம்ப்ரசர்களை ஒவ்வொரு முறை திருப்பியவருக்கு எதுவும் பதியாது.

மைக்கில் இரண்டு வகைகளைப் பற்றித் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும். அறையில் ஓடும் மின்விசிறியையும் சேர்த்தே கேட்கும். அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் பாண்டம் பவர், அதாவது கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. அருகில் உள்ளதைப் பிடித்துத் தொலைவில் உள்ளதைப் பெரிதும் விட்டுவிடும். 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைதோறும் இருப்பதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். அறை மோசமாக இருந்தால் தயங்காமல் டைனமிக் மைக்கை எடுங்கள் என்பது என் கருத்து. நல்ல கண்டென்சர், கெட்ட அறையை மிக நேர்மையாகப் பதிவு செய்யும்.

பாண்டம் பவரை அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருகவும் கழற்றவும் வேண்டும். ஸ்பீக்கர் ஒலியையும் அப்போது குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வரும் வெடிச்சத்தம் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் கேடு.

2. அறையைக் கேளுங்கள்

மைக்கைப் பொருத்துவதற்கு முன் அறையின் நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டுங்கள். தட்டிய ஓசைக்குப் பின் "டிர்ர்" என்று ஒரு சிறு நடுக்கம் கேட்டால், எதிரெதிரே உள்ள வெறும் சுவர்களுக்கு இடையே ஓசை பந்தாடுகிறது என்று பொருள். இரண்டு மூன்று இடங்களுக்கு நகர்ந்து தட்டிப் பாருங்கள். நடுக்கம் குறைவாக உள்ள இடமே பாடும் இடம். அறையின் சரியான மையத்தையும் மூலைகளையும் தவிர்க்கலாம். தாழ்ந்த ஓசைகள் மூலைகளில் குவியும். மையத்தில் சில சுருதிகள் காணாமல் போகும்.

அடுத்து கனமான போர்வையோ மெத்தையோ வேண்டும். இதை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். பாட்டுக்குப் பெரும்பாலும் பயன்படும் கார்டியாய்டு (இதய வடிவப் பரப்பில் ஓசையைப் பிடிக்கும்) மைக் தனக்கு முன்னால் இருப்பதைக் கேட்கும். பின்னால் இருப்பதை மிகக் குறைவாகவே கேட்கும். அதன் முன்னால் இருப்பவர் பாடுபவர். அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது சுவர். சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை நேராக மைக்கின் வாய்க்குள் வருகிறது. ஆகவே முதல் போர்வை பாடுபவரின் முதுகுப் பக்கம்தான். மிஞ்சியிருந்தால் பக்கவாட்டில்.

மெல்லிய நுரைத் தகடுகளை மட்டும் நம்ப வேண்டாம். அவை உயர்ந்த அதிர்வெண்களைத்தான் உறிஞ்சும். தாழ்ந்தவை அப்படியே தங்குவதால் குரல் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். தடிமன்தான் வேலை செய்கிறது. துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடிய பதிவுகள், நுரை ஒட்டிய சிறிய அறைப் பதிவுகளைவிட நன்றாக அமைந்ததைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மின்விசிறி, குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி இவற்றை நிறுத்துங்கள். கணினியை நிறுத்த முடியாது; அதை மைக்கின் பின்பக்கம் வரும்படி வையுங்கள்.

3. மைக்கை வைக்கும் இடம்

இந்தப் படிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மிக்ஸின்போது, அதாவது குரலையும் இசையையும் கலக்கும்போது, ஈக்யூவில் தேடும் பாதித் தெளிவு இங்கேதான் இருக்கிறது.

முதலில் மைக்கின் முகம் எது என்று பாருங்கள். பெரிய கண்டென்சர் மைக்குகள் பலவற்றின் முகம் பக்கவாட்டில் இருக்கும். அதன் உச்சியைப் பார்த்துப் பாடுபவர்களையும், பின்பக்கத்தைப் பார்த்துப் பாடிவிட்டு "ஒலி மங்கலாக இருக்கிறது" என்று வருந்துபவர்களையும் அடிக்கடி பார்க்கிறேன். இதய வடிவக் குறியோ நிறுவனத்தின் சின்னமோ இருக்கும் பக்கம் பொதுவாக முகம். ஐயம் இருந்தால் இரு பக்கமும் பேசிப் பதிவு செய்து கேளுங்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர்: கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தால் வரும் ஒரு சாண். தொலைவு இரட்டிப்பானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால்தான் தள்ளி நின்றால் குரலைவிட அறை பெரிதாகிறது. மிக நெருங்கினால் வேறு சிக்கல்: கார்டியாய்டு மைக்குகளில் நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஓசைகள் ஊதிப்பெருகும். மெல்லிய குரலுக்கு இது ஒரு கொடை. கனத்த குரலுக்குச் சுமை. அந்தக் குரலுக்கு எது வேண்டும் என்று கேட்டுத்தான் நெருக்கத்தை முடிவு செய்ய வேண்டும்.

பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒட்டிவைத்தால் பயனில்லை, காற்று வலையைத் தாண்டிய பிறகு சிதறுவதற்கு இடம் வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துப் "பப்பாளி" என்று சொல்லிப் பாருங்கள். கையில் அடிக்கும் அந்தக் காற்றுதான் மைக்கில் "புப்" என்று இடிக்கிறது. வலை மட்டும் போதாவிட்டால், மைக்கை வாயின் நேர்கோட்டிலிருந்து சற்று ஒதுக்கி, வாயை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். காற்று நேராகப் போய்விடும்; குரல் மைக்குக்கு வந்து சேரும். சீறும் எழுத்துகளும் இதனால் மென்மையாகும்.

தரையில் ஒரு நாடாத்துண்டை ஒட்டிக் கால் வைக்கும் இடத்தைக் குறியுங்கள். மறுநாள் ஒரு வரியை மீண்டும் பாட வேண்டியிருந்தால், அந்தக் குறி இல்லாமல் இரு நாள் குரல்களும் ஒன்றோடொன்று ஒட்டாது.

4. மென்பொருள் அமைப்பு

மூன்று எண்கள். மாதிரி வீதம் (ஒரு வினாடியில் ஒலியை எத்தனை முறை அளப்பது) 48 கிலோஹெர்ட்ஸ் அல்லது 44.1 கிலோஹெர்ட்ஸ், பின்னணி இசை எதில் இருக்கிறதோ அதையே வையுங்கள். இரண்டும் மாறினால் சில மென்பொருள்களில் இசையின் வேகமும் சுருதியும் மாறிவிடும். பிட் ஆழம் (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது) 24. ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபல் இடம் தருகிறது. 16 பிட்டில் 96 என்றால் 24 பிட்டில் கோட்பாட்டளவில் 144. இந்தத் தாராளம் அடுத்த படியில் நமக்குத் தேவைப்படுகிறது.

மூன்றாவது எண் பஃபர்: கணினி ஒரே தடவையில் எடுத்துக் கையாளும் ஒலி மாதிரிகளின், அதாவது சாம்பிள்களின், எண்ணிக்கை. பதிவின்போது 64 அல்லது 128 சாம்பிள்; மிக்ஸின்போது 512 அல்லது 1024. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லிவினாடி, 1024 என்பது 21 மில்லிவினாடி. ஓசை உள்ளே போய் வெளியே வர இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஆகும். 40 மில்லிவினாடி தாமதமாகத் தன் குரலைக் கேட்கும் எவராலும் தாளத்தில் நிற்க முடியாது. பாடுபவர் தாளம் தப்பினால் அவரைக் குறை சொல்வதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

5. கெயின்: ஒரே ஒரு குமிழ்

இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் குமிழ், மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னோட்டத்தை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மென்பொருளில் உள்ள ஃபேடர், பதிவான பிறகு எவ்வளவு கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இரண்டும் ஒன்றென்று நினைப்பதால் வரும் விபத்துகள் பல. மீட்டர் சிவப்பைத் தொடுகிறது என்று ஃபேடரைக் கீழே இழுப்பார்கள். கண்ணுக்குச் சிவப்பு மறையும், பதிவில் வெட்டு அப்படியே இருக்கும்.

செய்முறை இது. பாடலின் மிக உரத்த வரியை, உண்மையாகப் பாடுவது போலவே பாடச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று பேசிப் பார்த்து கெயின் வைக்கக் கூடாது. பேச்சுக்கும் உச்சஸ்தாயிக்கும் இடையே மலையளவு வேறுபாடு இருக்கிறது. அந்த வரியின் முகடு -12 டெசிபலுக்கு அருகில் வரும்படி குமிழை வையுங்கள். சராசரி -18ஐ ஒட்டி நிற்கும். பிறகு அதைத் தொடாதீர்கள்.

ஏன் -12? ஒத்திகையைவிடப் பதிவில் எல்லோரும் சற்று உரக்கப் பாடுவார்கள். 3 முதல் 6 டெசிபல் வரை ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். டிஜிட்டல் அளவுகோலில் 0 என்பது கூரை. அதற்கு மேல் செல்லும் அலையின் தலை சீவப்பட்டு, கரகரப்பாகப் பதிவாகிறது. மறுபக்கம், 24 பிட்டில் சற்றுக் குறைவாகப் பதிவு செய்வதால் இழப்பது ஒன்றுமில்லை. "அலை ஒல்லியாகத் தெரிகிறதே" என்று கெயினைக் கூட்ட வேண்டாம். அலையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது.

பாடலில் முணுமுணுப்பும் முழக்கமும் சேர்ந்திருந்தால், இரண்டையும் தனித்தனி டிராக்குகளில், தனித்தனி கெயினில் எடுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே குமிழைத் திருப்புவது மிக்ஸில் திருத்த முடியாத மேடுபள்ளங்களைத் தரும்.

6. பாடுபவரின் காதுக்குள்

ஹெட்போனில் என்ன கேட்கிறதோ அதற்கேற்பத்தான் பாடுவார்கள். இசை மிக உரக்க இருந்தால் கத்துவார்கள். சுருதி மேலோ கீழோ நழுவும். தன் குரல் மிக உரக்க இருந்தால் அடங்கிப் பாடுவார்கள். இசையைக் குறைத்தும் கூட்டியும் பார்த்து, பாடுபவர் தோள் தளர்ந்து நிற்கும் அளவைக் கண்டுபிடியுங்கள். ஒரு காதிலிருந்து ஹெட்போனைச் சற்று விலக்கிப் பாடச் சொன்னால் பலருக்குச் சுருதி உடனே நேராகிறது. அப்போது அந்தப் பக்க ஒலியை மென்பொருளில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் தாளக் கிளிக் மைக்குக்குள் ஒழுகும்.

இன்டர்ஃபேஸில் நேரடிக் கண்காணிப்புப் பொத்தான் (குரலைக் கணினி வழியாகச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு அனுப்புவது) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தாமதம் அறவே தெரியாது. ஆனால் மென்பொருளில் உள்ள கண்காணிப்பை அதே நேரத்தில் அணைக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் ஒரே குரல் சில மில்லிவினாடி இடைவெளியில் இருமுறை கேட்டு, குழாய்க்குள் பாடுவதுபோல் ஒலிக்கும். இதை மைக்கின் பழுது என்று எண்ணி மைக்கையே மாற்றியவர்கள் உண்டு.

கேட்பதற்கு மட்டும் கொஞ்சம் ரிவெர்ப் கொடுக்கலாம். அது பதிவுக்குள் போகக் கூடாது. பதிவுக்குள் போய்விட்டால் பிறகு பிரிக்க வழியில்லை.

7. டேக்குகளை எடுத்தல்

முழுப் பாடலையும் மூன்று அல்லது நான்கு முறை முழுதாகப் பாட வையுங்கள். அதற்குப் பிறகுதான் வரி வரியாகத் திருத்தம். தொடக்கத்திலிருந்தே வரி வரியாக எடுத்தால் ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருக்கும், பாடல் உயிரற்றிருக்கும். முதல் டேக்கை, அதாவது முதன்முறை பாடிய பதிவை, ஒருபோதும் அழிக்காதீர்கள். சுருதி பிசகியிருந்தாலும் பிற்பாடு கிடைக்காத ஒரு துணிவு அதில் இருக்கும்.

ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் ஐந்து வினாடி வெறும் அறையையும் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடத்தில் அந்த வெறுமை தேவைப்படும். முழு மௌனத்தை இட்டால் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும்.

8. தேர்வும் சுத்தம் செய்தலும்

டேக்குகளை அடுக்கிவைத்து, ஒவ்வொரு அடிக்கும் சிறந்ததைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கு நடுவில் வெட்டுவதைவிட மூச்சுக்கு முன் வெட்டுவது நல்லது; மூச்சும் அதைத் தொடரும் சொல்லும் ஒரே டேக்கிலிருந்து வந்தால்தான் இயல்பு கெடாது. ஒவ்வொரு ஒட்டிலும் 5 முதல் 10 மில்லிவினாடி அளவுக்குக் குறுக்கு மங்கல் (முந்தைய துண்டு தேயத் தேய அடுத்தது எழுவது) கொடுங்கள். இல்லாவிட்டால் "டிக்" என்று ஒரு சிறு ஓசை அங்கே குதிக்கும்.

மூச்சொலிகளை முழுவதும் அழிக்க வேண்டாம். 6 முதல் 10 டெசிபல் குறைத்தால் போதும். மூச்சே விடாத குரலைக் கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே ஓர் அசௌகரியம் வரும்.

இதே படியில் இன்னொரு வேலை: தனித்து உரக்க நிற்கும் சொற்களை வெட்டி, அந்தத் துண்டின் அளவை மட்டும் கையால் குறையுங்கள், அமுங்கியவற்றைக் கூட்டுங்கள். இருபது நிமிட வேலை. இதைச் செய்தவருக்குக் கம்ப்ரசர் பாதி அழுத்தினாலே போதும். சலிப்பூட்டும் வேலை என்பதால் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நான் தாண்டுவதில்லை.

9. ஃபேடர் மட்டும்

இப்போது எந்தப் பிளக்இன்னும் இல்லாமல் ஒரு மிக்ஸ். பின்னணி இசை ஏற்கெனவே முழுமையாக்கப்பட்ட கோப்பாக இருந்தால் அதன் முகடுகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதை 8 முதல் 10 டெசிபல் கீழே இறக்குங்கள். குரலை மேலே தள்ளாதீர்கள். கூரைக்கு மேல் இடம் கிடையாது.

பிறகு குரல் ஃபேடரை முழுவதும் இறக்கி, மெல்ல ஏற்றுங்கள். சொற்கள் புரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பாடலை முழுதாகக் கேட்டு, ஒரு தாளில் குறைகளை எழுதுங்கள்: "முதல் சரணம் மூக்கடைத்தது போல்", "பல்லவியின் கடைசிச் சொல் கேட்கவில்லை", "ஸகரம் குத்துகிறது". அடுத்து வரும் நான்கு கருவிகளையும் இந்தத் தாள்தான் நடத்த வேண்டும். தாளில் இல்லாத குறைக்குக் கருவி தேவையில்லை.

கேட்கும் அளவு, இருவர் உட்கார்ந்து பேசும் அளவில் இருக்கட்டும். காதின் இயல்பை 1933இல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள்: மெல்லக் கேட்கும்போது மிகத் தாழ்ந்த ஓசைகள் காதுக்குக் குறைவாகவும், உரக்கக் கேட்கும்போது நிறைவாகவும் தெரியும். எப்போதும் உரக்க வைத்து மிக்ஸ் செய்தால் எல்லாமே செழிப்பாகத் தோன்றும். மறுநாள் மெல்லக் கேட்டால் செழிப்பு காணாமல் போயிருக்கும்.

10. ஈக்யூ

முதல் வேலை நீக்குவது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். அங்கே பாட்டுக்குரலைவிடக் கால் அதிர்வும் தெரு இரைச்சலும்தான் அதிகம். உயர்ந்த குரலென்றால் 100 வரை போகலாம். குரல் மெலிகிறதென்று தோன்றிய உடனே ஃபில்டரைப் பின்னுக்கு இழுங்கள்.

பிறகு தாளைப் பாருங்கள். மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை சற்றுக் குறையுங்கள். மூக்கால் பாடுவதுபோல் இருந்தால் 800 முதல் 1,200 வரை குறையுங்கள். சொற்கள் தெளியவில்லை என்றால் 3,000 முதல் 5,000 வரை சற்றுக் கூட்டலாம். காற்றோட்டமான மினுமினுப்பு வேண்டுமானால் 10,000க்கு மேல். ஒவ்வொன்றும் 2 அல்லது 3 டெசிபல். 6 டெசிபலுக்கு மேல் மாற்றத் தோன்றினால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். மைக் தவறான இடத்தில் இருந்திருக்கிறது.

குறுகிய பட்டையை 10 டெசிபல் ஏற்றி, மேலும் கீழும் நகர்த்தி "கெட்ட அதிர்வெண்" தேடும் முறையைப் பலர் கற்றுக்கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் இதைத் தவிர்க்கச் சொல்வேன். அவ்வளவு ஏற்றினால் எந்த அதிர்வெண்ணும் கெட்டதாகத்தான் கேட்கும்; கடைசியில் குரலில் பத்துப் பள்ளங்கள் தோண்டியிருப்பீர்கள்.

குரலைத் தனித்துக் கேட்டுக்கொண்டே ஈக்யூ செய்யவும் வேண்டாம். தனியே அழகாக இருக்கும் குரல் இசைக்குள் தொலையலாம். இசைக்குள் சரியாக உட்காரும் குரல் தனியே சற்று மெலிந்து தெரியலாம். கேட்பவர் இசையோடுதான் கேட்கப்போகிறார்.

11. கம்ப்ரசர்

இந்தக் கருவி செய்வது ஒன்றுதான்: ஒரு கோட்டைத் தாண்டும் ஒலியைக் குறைக்கிறது. அந்தக் கோடு திரெஷோல்டு. எவ்வளவு குறைப்பது என்பது ரேஷியோ. 4:1 என்றால் கோட்டை 4 டெசிபல் தாண்டிய ஒலி 1 டெசிபல் மட்டுமே தாண்டி வெளியே வரும். எவ்வளவு விரைவாகப் பிடிப்பது என்பது அட்டாக். எவ்வளவு விரைவாக விடுவது என்பது ரிலீஸ்.

அட்டாக்கும் ரிலீஸும் செய்வது புதிய காதுக்குக் கேட்காது. கேட்க வைக்க ஒரு வழி இருக்கிறது. ரேஷியோவை 10:1 ஆக்கி, திரெஷோல்டை மிகவும் கீழே இறக்கிவிடுங்கள். குரல் நசுங்கி அலறும், பரவாயில்லை. இப்போது அட்டாக்கைத் திருப்புங்கள். மிக விரைவாக இருந்தால் சொல்லின் முதல் மெய் மழுங்கும். "கடல்" என்பதில் "க" தேய்ந்துவிடும். 10 முதல் 30 மில்லிவினாடிக்கு வந்தால் அந்த முதல் தட்டு தப்பித்து முன்னே நிற்கும். அடுத்து ரிலீஸ்: மிக விரைவாக இருந்தால் ஒவ்வொரு மூச்சும் மேலெழுந்து வரும், மிக மெதுவாக இருந்தால் உரத்த ஒரு சொல் அடுத்த சொல்லையும் சேர்த்து அமுக்கும். 50 முதல் 150 மில்லிவினாடிக்குள் பாடலின் நடையோடு மீட்டர் முள் மூச்சுவிடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் பின் ரேஷியோவை 3:1 அல்லது 4:1 ஆக்கி, உரத்த இடங்களில் 3 முதல் 6 டெசிபல் மட்டும் குறையும்படி திரெஷோல்டை மேலே ஏற்றுங்கள்.

இப்போது மிக முக்கியமான சோதனை. கம்ப்ரசரை அணைத்தும் இயக்கியும் பார்க்கும்போது இரண்டும் ஒரே உரப்பில் இருக்கும்படி, குறைந்த உரப்பை ஈடுசெய்யும் மேக்அப் கெயினைச் சரிசெய்யுங்கள். சற்று உரக்கக் கேட்பதை நல்லது என்று நம்புவது எல்லோர் காதுக்கும் இயல்பு. உரப்பைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால், எந்தப் பிளக்இன்னைப் போட்டாலும் முன்னேற்றமாகவே தோன்றும். ஈக்யூவுக்கும் இதே விதி.

ஒரே கம்ப்ரசர் 8 அல்லது 10 டெசிபல் குறைக்க நேர்ந்தால் இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது விரைவானது, திடீர் முகடுகளை மட்டும் பிடிக்கும். இரண்டாவது மெதுவானது, மொத்த ஓட்டத்தை நிரவும். ஒலிக்கூடங்களில் 1176 என்ற விரைவான கம்ப்ரசரை அடுத்து எல்ஏ-2ஏ என்ற மெதுவானதை வைப்பது இந்தக் காரணத்தால்தான். இரண்டின் மென்பொருள் வடிவங்களும் பரவலாகக் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: 1176இல் அட்டாக் குமிழ் தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால் விரைவு கூடும். அதன் முழு வீச்சே 20 முதல் 800 மைக்ரோவினாடிதான். அதாவது அதன் "மெதுவான" நிலைகூட ஒரு மில்லிவினாடிக்குள் அடங்கிவிடும்.

வரிசை: நீக்கும் ஈக்யூ முதலில், கம்ப்ரசர் அடுத்து, கூட்டும் ஈக்யூ அதற்குப் பின். காலதிர்வை நீக்காமல் கம்ப்ரசருக்கு அனுப்பினால், காதுக்குக் கேட்காத அந்த அதிர்வுக்காகவும் அது குரலை அமுக்கும்.

12. சீறும் எழுத்துகள்

ஸகரமும் ஷகரமும் கம்ப்ரசருக்குப் பிறகு கூர்மையாகத் தெரியும். மற்ற ஓசைகள் அமுங்கியதால் இவை உயர்ந்து நிற்கின்றன. டி-எஸ்ஸர் என்ற கருவி, சீறல் இருக்கும் அதிர்வெண் பகுதி எழும்போது மட்டும் அதைக் குறைக்கிறது. தாழ்ந்த குரலுக்கு 5,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ், உயர்ந்த குரலுக்கு 7,000 முதல் 8,000 என்று தொடங்கித் தேடுங்கள். அதிகமானால் பாடுபவர் பல் விழுந்தவர் போல் குழறுவார். இரண்டே இடங்களில்தான் குத்துகிறது என்றால் கருவி வேண்டாம். அந்த எழுத்துகளின் அளவைக் கையால் குறைத்துவிடலாம்.

13. ரிவெர்பும் டிலேயும்

இவற்றைக் குரல் டிராக்கின் மேல் நேராகப் போடாதீர்கள். தனி டிராக் ஒன்றில் ரிவெர்பை வைத்து, அதை முழு ஈரத்தில், அதாவது 100 விழுக்காடு விளைவாக அமைத்து, குரலிலிருந்து சென்டு (ஒரு டிராக்கின் ஒலி நகலை இன்னொன்றுக்கு அனுப்பும் வசதி) வழியாகத் தேவையான அளவு அனுப்புங்கள். இதில் மூன்று நன்மைகள் உண்டு. அசல் குரல் தொடப்படாமல் இருக்கும். ரிவெர்புக்கு மட்டும் தனியாக ஈக்யூ செய்யலாம். துணைக்குரல்களையும் அதே வெளிக்குள் அனுப்பி எல்லோரையும் ஓர் அறையில் நிற்க வைக்கலாம்.

ப்ரீ-டிலேயை 20 முதல் 40 மில்லிவினாடி வையுங்கள். சொல் முதலில் காதை அடையும்; அதன் நீட்சி சற்றுப் பின்னால் வரும். இது 0 ஆக இருந்தால் குரல் அறையின் கடைசிக்கு நகர்ந்துவிடும். ரிவெர்ப் டிராக்கில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 8,000க்கு மேலும் வெட்டுங்கள்; மந்தமும் சீறலும் சேர்ந்து நீள வேண்டியதில்லை.

டிலே, குரலைச் சற்று நேரம் கழித்துத் திரும்ப ஒலிக்கிறது. அதன் நேரத்தைத் தாளத்திலிருந்து கணக்கிடலாம். 60,000ஐ நிமிடத்துக்கான தட்டுகளால் வகுத்தால் ஒரு தட்டின் மில்லிவினாடி கிடைக்கும். 90 என்றால் 667. பாதித் தட்டுக்கு 333.

அளவு? ரிவெர்ப் கேட்கும்வரை ஏற்றி, பிறகு தனியாகக் கேட்க முடியாத அளவுக்கு இறக்குங்கள். அணைத்தால் குரல் வெறுமையாகத் தெரிய வேண்டும். இயக்கினால் ரிவெர்ப் என்று தெரியக் கூடாது.

14. ஆட்டோமேஷன்

தாளில் இன்னும் தீராத குறைகள் மிஞ்சியிருக்கும். பெரும்பாலும் அடி முடியும் சொற்கள். குரல் ஃபேடரின் ஆட்டோமேஷனை (பாடல் ஓடும்போது ஃபேடர் தானாக நகர்வதற்கான குறிப்பை) எழுதி, அந்த இடங்களில் 1 அல்லது 2 டெசிபல் ஏற்றுங்கள். பல்லவியில் இசை பெருகும்போது குரலையும் 1 டெசிபல் தூக்குங்கள். கம்ப்ரசருக்குச் சொல்லின் பொருள் தெரியாது. எந்தச் சொல்லில் பாடலின் உயிர் இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இதை இறுதியில் வைப்பதற்குக் காரணம், முன்னே எழுதிய ஆட்டோமேஷனைப் பின்னே வரும் ஒவ்வொரு ஈக்யூ மாற்றமும் பொய்யாக்கிவிடும் என்பதே.

15. சரிபார்த்து வெளியே எடுத்தல்

மிக்ஸை மோனோவாக்கி, அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாக்கிக் கேளுங்கள். ஏதாவது ஓசை மெலிந்து மறைந்தால் இடது வலது அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன; பெரும்பாலும் குரலை அகலமாக்கும் விளைவுகளே குற்றவாளிகள். பிறகு கைப்பேசியில், சிறிய ஸ்பீக்கரில், ஹெட்போனில் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் திருத்தத் தொடங்க வேண்டாம். எல்லாவற்றிலும் ஒரே குறை கேட்டால் மட்டும் திருத்துங்கள். இடையில் ஓர் இரவு காதுக்கு ஓய்வு கொடுங்கள். சோர்ந்த காது உயர்ந்த ஓசைகளைக் கூட்டிக்கொண்டே போகும்.

இறுதி லிமிட்டரில் (முகடுகள் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) உண்மை முகடு -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. எம்பி3 போன்ற வடிவங்களாக மாறும்போது முகடுகள் சற்று எழும். அந்த இடைவெளி அதற்காக. ஸ்பாட்டிஃபை ஏறத்தாழ -14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற உரப்புக்குப் பாடல்களைச் சமன்செய்து ஒலிக்கிறது. பாடலை நசுக்கி -8க்குக் கொண்டுபோனால் அங்கே அது மீண்டும் இறக்கப்படும். நசுக்கல் மட்டும் மிஞ்சும். அந்த எண்ணைக் கட்டாயமாகத் துரத்தவும் வேண்டாம்; பாடல் தானாக -13இலோ -15இலோ நன்றாக நின்றால் விட்டுவிடுங்கள்.

கோப்பை 24 பிட் வேவ் வடிவில் எடுங்கள். 16 பிட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் கடைசி மாற்றத்தில் ஒரே ஒருமுறை டித்தர் (மாற்றத்தால் வரும் கரகரப்பை மறைக்கும் மிக மெல்லிய இரைச்சல்) சேர்த்துவிடுங்கள். குரல் இல்லாத இசை, இசை இல்லாத குரல் என்று இரண்டு கோப்புகளையும் அதே நாளில் எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்கும்போது, பழைய திட்டக் கோப்பு புதிய கணினியில் திறக்காமல் போகலாம்.